மூன்று மில்லி அம்பியர்

கிர்ர்ர்ர்!

குசினியில், அடுப்புக்கு மேலே சுவரில் இருந்த மணி அலறியது. மணியைப் பழுது பார்க்க வந்த அபூதாஹிரின் கையிலிருந்த தேநீர் சிந்தியது.

"கேட்டதோ தம்பி? இண்டைக்கு இது நாலாந்தரம்," என்றாள் கமலேஸ்வரி. "அவற்ற அறை பூட்டிக் கிடக்கு."

படுத்த படுக்கையாய்க் கிடந்த கணவர் சோமசேகரம் அவளைக் கூப்பிடுவதற்காகப் பொருத்திய மணி அது. அவர் இறந்து முப்பது நாள். நாளைக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு, அந்தியேட்டி. ஓர்ஸ் ஹில் வீட்டுக்கு வரும் அவருடைய அண்ணன்மார், 'கடைசி நேரத்தில தம்பி மணி அடிக்கேல்லையோ?' என்று கட்டாயம் கேட்பார்கள்.

"அவர் இருக்கேக்கயே மணி பழுது எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ."

"அதுக்கா என்னை மூதூரில இருந்து லாஞ்சில கடல் தாண்டி வரவச்சீங்க? பாக்காம எழுத ஏலாது அக்கா."

அறையைத் திறந்து பார்த்தான். பொத்தானுக்குள் இருந்த தகடு உப்புக் காற்றில் துருவேறி, ஒட்டுவதும் விடுவதுமாய் இருந்தது.

"பேயுமில்ல பிசாசுமில்ல, துரு!" சிரித்தபடி பொத்தானைக் கழற்றினான். இரண்டு வயர் முனைகளும் சாண் இடைவெளியில் அந்தரத்தில் தொங்கின.

வேலை முடிந்ததா என்று பார்க்க, குசினியில் மணிக்குக் கரண்ட் கொடுக்கும் பற்றரிக்கும் வயருக்கும் நடுவில் மீற்றரைத் தொடுத்தான். பாதை அறுந்தால் கரண்ட் ஓடாது. முள் பூச்சியத்தில் நிற்க வேண்டும்.

மூன்று மில்லி அம்பியரில் நின்றது.

பற்றரி ஆறு வோல்ற். கணக்குப் போட்டான். தடை இரண்டாயிரம் ஓம்ஸ். ஈரக் கையால் ஒரு ஆள் வயரைப் பிடித்தால் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மீற்றருக்கு முன்னால் கிடந்த நாற்காலியைக் காட்டினான். "நீங்க இந்தக் கதிரையில இருந்து முள்ளைப் பாத்துச் சொல்லுங்க."

அறைக்குப் போய், விரல்களை நனைத்து முனைகளைப் பிடித்தான்.

"ஆறு!" என்றாள்.

கையை எடுத்தான்.

"மூண்டு."

அபூதாஹிர் வயர்களை விட்டுத் தள்ளி நின்றான். அவன் கை மூன்று. மற்ற மூன்று யாருடையது? சுவர் காய்ந்து கிடந்தது. கட்டிலில் யாருமில்லை.

"நாலு... அஞ்சு... தம்பி, ஏறுது!"

வோல்ற் மாறவில்லை. கரண்ட் ஏறினால் தடை குறைகிறது. பிடி இறுகுகிறது.

அவன் குசினிக்கு ஓடி வந்து பற்றரி வயரைப் பிடுங்கினான். "நான் எழுதித் தாறன் அக்கா. மணி பழுதுதான். இனி அடிக்காது."

கமலேஸ்வரி எழும்பவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் போன அண்டைக்கும் இப்பிடித்தான் தம்பி, விடாமல் அடிச்சது, நான் இந்தக் கதிரையிலயே இருந்திட்டன்."