அந்தக் கேஸ் இல்லை

"கேஸா? நமக்கு எதுக்கு புள்ள அந்த வம்பு? வெள்ளைக்காரன்கிட்ட கேஸ் கேட்டா கோர்ட்டு வாசல்லதான் போய் நிக்கணும்."

"ஐயோ மச்சான், அந்தக் கேஸ் இல்ல. நம்ம குதிரைக்கு என்ன நோவு, என்ன ஊசின்னு டாக்டரு எழுதி வச்சிருக்காருல்ல, அந்தக் கேஸு."

"கேஸுன்னா எல்லாம் ஒரே கேஸுதான் லா."

போன வருஷம் பினாங்குப் பட்டணத்தை விட்டுக் கடலுக்கு அக்கரையிலுள்ள கெப்பாலா பத்தாஸில் கடை போடக் கிளம்பிய அன்று, கமாலுதீனும் அவன் மனைவி ஷரீஃபாவும் பேசிக்கொண்டது இது. புதுப் பெண்டாட்டி சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தாள். கேட்காமலே வந்துவிட்டார்கள்.

இப்போது அந்த மட்டக் குதிரையின் குளம்பில் மறுபடியும் ஆணி ஏறிவிட்டது. அவள் 'மானிஸ்' என்று மலாயில் பெயரிட்டுக் குட்டியிலிருந்து வளர்த்தது. விறைப்பு நோய் வராமலிருக்க ஊசி போட வந்த அரசாங்க மிருக டாக்டரிடம், "போன தடவை ஊசி போட்டதும் மூச்சு முட்டி விழுந்திருச்சு" என்று அவள் சொன்னாள். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். எந்த மருந்து, எவ்வளவு என்று தெரியாமல் போட்டால் குதிரை செத்துப்போகும். போடாமல் விட்டாலும் சாகலாம். பழைய டாக்டர் எழுதி வைத்ததை உடனே வாங்கி வரச் சொன்னார்.

பினாங்குக்குத் திரும்பும் கப்பலிலேயே கமாலுதீன் கேட்டான்:

"தொரைக்குக் கோவம் வந்தா?"

"கடிச்சிருவாரா? கடி வாங்கிப் பழகினவரு மச்சான், கடிக்க மாட்டாரு."

அந்தப் பழைய டாக்டரின் வீட்டு வாசலில், படுதா போட்ட வாடகை வண்டிக்குள் ஷரீஃபா உட்கார்ந்திருந்தாள். கமாலுதீன் மட்டும் இறங்கினான். தொப்பியை மாட்டிக்கொண்டு டாக்டர் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். நாகூரிலிருந்து வந்து சில வருஷமே ஆன அவனுக்கு மலாய் தட்டுத்தடுமாறித்தான் வரும். பயத்தில் அதுவும் வரவில்லை.

"துவான்... கேஸ். குதிரை கேஸ் வேணும்."

டாக்டரின் முகம் சிவந்தது. "கேஸா? என் மேலா? நான் பிழைக்க வைத்த குதிரைக்கு என் மேலேயே வழக்குப் போடுகிறாயா?"

"இல்ல துவான். ஒண்ணுமில்ல. சும்மா... சலாம் சொல்ல வந்தேன்."

டாக்டர் தம் மோட்டாரை நோக்கி நடந்தார். கமாலுதீன் வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையைக் கண்டதும் அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. ஆனால் மோட்டார் கிளம்பிவிட்டால் மானிஸ் போய்விடும்.

ஷரீஃபா படுதாவை விலக்கினாள். தான் பிறந்த அந்தப் பினாங்கின் மலாயில், தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"துவான், வழக்கு இல்லை. எங்கள் குதிரைக்கு நீங்கள் என்ன மருந்து போட்டீர்கள், அது என்ன பாடு பட்டது என்று எழுதி வைத்திருப்பீர்களே, அதை எங்களுக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள்."