தானாக உள்ளே நுழைக

1

இந்தக் கதை எனக்குக் காதுவழியாகக் கிடைத்தது. பினாங்கில், சூலியா தெருவில் ஒரு நாணயமாற்றுக் கடையின் மேல்மாடியில் ரொஸ்னா கணினி பழுதுபார்க்கிறாள். என் மடிக்கணினியின் விசிறி இரைகிறதென்று போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள், துணிப்பையிலிருந்து தடித்த பழைய மடிக்கணினியொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ரொம்பப் பழசு லா அக்கா. மெமரி ரெண்டு ஜிபிதான் இருக்கு. விண்டோஸ் இதுல இனிமே இழுக்காது. பேசாம புதுசு வாங்கிடுங்க."

"புதுசு வாங்கினா அவரே எல்லாத்தையும் செட்டப் பண்ணிக் குடுத்துடுவாரு."

ரொஸ்னா சிரித்தாள். "நல்லதுதானே அக்கா? எங்க வீட்டுல இருக்கறவருக்கு பல்பு மாட்டவே நான்தான் நாற்காலி ஏறணும்."

அம்மாள் சிரிக்கவில்லை. ரொஸ்னா அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் பற்றிச் சொன்னாள். அதில் எடை குறைந்த வகை ஒன்று இருக்கிறது. பழைய இயந்திரத்திலும் ஓடும். பென்டிரைவில் போட்டுத் தருகிறேன், வீட்டில் வைத்து ஏற்றிக்கொள்ளலாம் என்றாள்.*

"நானே ஏத்தலாமா?"

"போலே அக்கா, முடியும். கேள்வி கேக்கும், பதில் சொல்லிட்டே போங்க."

அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் சேர்த்தது.

(* உள்ளே இருக்கும் ஏற்பாட்டை முழுக்கத் துடைத்துவிட்டு, அதைவிடச் சிறிய ஒன்றைக் குடியேற்றுவது. தெரிந்தவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம்.)

2

ஒரு பெயர் வேண்டும். ஞானாம்பிகை. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. கணவர் ஸ்ரீகரன், வங்கியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர்.

முதல் தொடக்கம்: திருமணமான நாளிலிருந்து ஞானாம்பிகைக்கென்று ஓர் அலமாரிகூட

(நிறுத்திவிட்டேன். அவளுக்கு இரண்டு அலமாரிகள் இருக்கின்றன.)

இரண்டாவது: ஸ்ரீகரன் பொல்லாதவர். மனைவியின் கைப்பேசியை அவர்

(இதுவும் பொய். பொல்லாத கணவர் ஒருவர் இருந்தால் கதை தானாக ஓடிவிடும். அதனால்தான் கை அந்தப் பக்கம் போகிறது.) அவளுக்கு முழங்கால் வலி வந்தபிறகு மீனும் காய்கறியும் வாங்கப் பாசாருக்கு அவர்தான் போகிறார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்க, அவளைப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல். வங்கிக்கு, கைப்பேசிக்கு, மின்னஞ்சலுக்கு. உறவுக்காரர்கள் வந்து, இன்னார் பெண்டாட்டிக்குத் தெரியாமல் கைப்பேசியை மறைக்கிறாராம் என்று பேசும்போது ஸ்ரீகரன் சொல்வார்: "நம்ம வீட்டுல ஒரே பாஸ்வேர்டு லா. தெறந்த வீடு." பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஞானாம்பிகைக்கும் அதில் பெருமை இருந்தது. நெடுங்காலம் இருந்தது.

3

பிறகு துஷ்யந்தியின் மின்னஞ்சல் வந்தது. துஷ்யந்தி அவளுடைய பள்ளித்தோழி.

"துஷ்யந்தி மெயில் போட்டிருந்தா. வர முடியாதுன்னு சொல்லிட்டேன்," என்றார் ஸ்ரீகரன், காப்பியை ஆற்றியபடி.

"எங்க வர முடியாது?"

"கேமரன் மலைக்கு. பழைய கூட்டமெல்லாம் சேந்து போறாங்களாம். உன் முழங்காலுக்கு அந்தக் குளிர் ஆகுமா?"

ஆகாதுதான். அவர் உள்ளே போனதும் அவள் அந்தப் பதிலைப் படித்தாள். 'அன்புள்ள துஷி' என்று தொடங்கியிருந்தது. முழங்காலைப் பற்றி ஒரு சின்ன கேலி. துஷ்யந்தியின் மகனுக்கு வேலை கிடைத்ததா என்று ஒரு விசாரிப்பு. கீழே 'உன் ஞானம்'. தான் எழுதியிருக்கமாட்டாத ஒரு வரியைத் தேடினாள். இல்லை. திரும்பவும் மேலிருந்து படித்தாள். இல்லவே இல்லை.

கோபம் வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். வந்தது வேறொன்று: அவர் பதில் போடாமல் இருந்திருந்தால், தான் என்ன சொல்லியிருப்போம் என்பது அவளுக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அவர் முந்திக்கொள்ளாத ஓர் இடம் வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது அலமாரிமேல் கிடந்த பழைய மடிக்கணினி ஒன்றுதான். புதியது வாங்கியபோது எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டு ஸ்ரீகரன் மறந்துபோன இயந்திரம்.

[அந்த இடத்தில் அவள் என்ன எழுதப்போகிறாள்? கவிதை என்று வைத்தேன், அடித்தேன். பழைய காதலனுக்குக் கடிதம், அடித்தேன். வழக்கறிஞருக்கு விண்ணப்பம் என்று வைத்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஒன்றும் எழுதாமல் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கவும் கூடும்.]

4

கோயில் கமிட்டிக் கூட்டத்துக்காக ஸ்ரீகரன் ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போன காலையில், அவள் பென்டிரைவைச் செருகினாள்.

நேரம் வைக்க எந்த ஊர் என்று கேட்டது. வரைபடத்தில் பினாங்கைத் தொட்டாள். கோலாலம்பூர் என்று எடுத்துக்கொண்டது. சரி, இருக்கட்டும். வட்டில் உள்ளதை அழிக்கவா என்றது. அழி. உங்கள் பெயர் என்ன என்றது. முழுப்பெயரையும் எழுதினாள்.

கடவுச்சொல் கேட்டதும் விரல்கள் தாமாகவே வீட்டுக் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டன. பார்த்துவிட்டு அழித்தாள். கீழே ஒரு சிறு கட்டம்: 'கடவுச்சொல் கேட்காமல் தானாக உள்ளே நுழைக.' அதில் குறியிட்டால் பிரச்சினையே இல்லை. மூடியைத் திறந்தவர் யாரானாலும் உள்ளே போகலாம். ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்காது.

குறியிடவில்லை. வேறொன்றைத் தட்டினாள், உறுதிசெய்ய மறுபடியும் தட்டினாள். எழுதிக்கொண்டிருந்த நான் எட்டிப் பார்த்தேன். புள்ளிகளாகத்தான் தெரிந்தன.

5

"அட, இது இன்னும் உயிரோட இருக்கா?"

திரும்பி வந்த ஸ்ரீகரன் சட்டையைக்கூட மாற்றாமல் மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவள் அடுக்களையில் கீரை அலசிக்கொண்டிருந்தாள்.

"லினக்ஸா? நீயா போட்ட? கெட்டிக்காரி லா நீ."

விசைகள் தட்டப்படும் சத்தம். மறுபடி சத்தம்.

"தப்புங்குது. கேப்ஸ் லாக்கும் ஆன்ல இல்லையே." இன்னொரு முறை. "விசைப்பலகை போயிருக்கும். எஸ் எழுத்து சரியா அமுங்கல. ஓசில குடுக்கற சாமான் எல்லாம் இப்படித்தான், ஒரே சூசா, தொல்லை."

இயந்திரம், விசைப்பலகை, இலவசம். ஒவ்வொன்றின் மீதும் சந்தேகப்பட்டார். இன்னொரு கடவுச்சொல் இருக்கலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஞானம், இது நம்ம பாஸ்வேர்ட எடுக்க மாட்டேங்குது."

"எடுக்காது," என்றாள்.

"ஏன்?"

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில், அது வேற பாஸ்வேர்டு என்கிறாள். அவர் எழுந்து சட்டையை மாற்றப் போகிறார். இரவுச் சாப்பாட்டில் மீன் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்கிறார். இன்னொன்றில், கடவுச்சொல்லைச் சொல்லிவிடுகிறாள், அவர் உள்ளே போய் திரையின் எழுத்தை அவளுக்காகப் பெரிதாக்கிக் கொடுக்கிறார். மூன்றாவதில், மறந்துட்டேன் என்கிறாள். அவர் உற்சாகமாகப் பென்டிரைவைத் தேடுகிறார், முதலிலிருந்து தானே ஏற்றிக்கொடுக்க.

மூன்றும் நன்றாகவே வந்திருந்தன. படித்துப் பார்த்தபோது, அவள் சொல்லியிருக்கமாட்டாத ஒரு வரிகூட எதிலும் இல்லை. அப்போதுதான் 'அன்புள்ள துஷி' என்று ஸ்ரீகரன் எழுதிய பதில் நினைவுக்கு வந்தது. அவரும் அக்கறையோடுதான் எழுதினார். நானும் அவளைக் கேட்கவில்லை.

மூன்றையும் எடுத்துவிட்டேன்.

அவர் ஏன் என்று கேட்டிருக்கிறார். அவள் குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். என்ன சொல்வாள் என்று உங்களுக்கு ஏதாவது தோன்றினால், தயவுசெய்து மனதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவள் முதலில் சொல்லட்டும்.