குதிரையின் பெயருக்கு வந்த கடிதம்

அந்த வருடம் மே மாதம் இரண்டாவது வியாழக்கிழமை முதல், ஸ்வீடனின் மிக வேகமான எட்டுப் பந்தயக் குதிரைகள், எந்த லாயத்தில் கட்டியிருந்தாலும், ஹெம்செலே இருக்கும் திசையைப் பார்த்தே நின்றன. திருப்பிக் கட்டினால், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அதே பக்கம் திரும்பிக்கொண்டன. தெற்குக் கோடியில் ஸ்கோனேயில் இருந்த மெர்க்கூர் ஹோவ் என்ற குதிரை வடக்கைப் பார்த்தது. வடகோடியில் பூடென் பக்கம் இருந்த பெண் குதிரை தென்மேற்கைப் பார்த்தது. கால்நடை மருத்துவர்கள் வந்து பல்லையும் குளம்பையும் சோதித்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, ஆளுக்கு ஆயிரத்து நானூறு குரோனா வாங்கிக்கொண்டு போனார்கள். ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

ஹெம்செலே எங்கள் ஊர். தொள்ளாயிரம் பேர், ஓர் ஆறு, ஒரு மர அறுவை ஆலை, ஒரு பந்தயத் தடம். எங்கள் பந்தயத்தில் குதிரையின் முதுகில் யாரும் ஏறுவதில்லை. ரேக்ளா மாதிரி இரண்டு சக்கர வண்டியில் ஓட்டுநர் பின்னால் உட்கார்ந்திருப்பார். குதிரை நடையோட்டத்திலேயே ஓட வேண்டும், நாலுகால் பாய்ச்சலுக்கு மாறினால் வெளியே. ஜூலை கடைசிச் சனிக்கிழமைதான் எங்களுக்குப் பெரிய நாள். முந்தைய வருடம் அதற்கு வந்தவர்கள் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர், அதிலும் பாதிப் பேர் வாஃபிள் தின்ன வந்தவர்கள். தலைநகரத்திலிருக்கும் பந்தயக் கழகத்திடமிருந்து கடிதம் வந்தது: இந்த முறை ஐயாயிரம் பேரும், நாட்டின் முதல் பத்துக் குதிரைகளில் ஒன்றாவதும் வராவிட்டால் அந்த நாள் கடற்கரை ஊருக்குப் போய்விடும். பெரிய நாள் போனால் தடமும் போகும், அங்கே ஆலைக்காரர்கள் மரக்கட்டை அடுக்குவார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தடத்தின் அலுவலகத்தை இருபத்திரண்டு வருடமாகத் தனி ஆளாக நடத்திவந்த குன்வோர், அந்த எட்டுக் குதிரைகளின் பயிற்சியாளர்களுக்கும் அழைப்பு அனுப்ப உட்கார்ந்தாள்.

அவளுக்கு இருந்த ஒரே பலம் ஹில்டிங் போட்ட மண். தடத்தைப் பராமரிக்கும் ஹில்டிங், ஆற்று மணலைச் சலித்து, கல்தூள் கலந்து, ஆற்றுத் தண்ணீரையே விட்டு, உள்ளங்கையை வைத்துப் பார்த்துத்தான் டிராக்டரை எடுப்பார். லாடம் கழற்றி ஓடும் குதிரைக்கு அதைவிட நல்ல தரை இந்த நாட்டில் கிடையாது. இதை நான் கடற்கரைக்காரர்களின் முகத்துக்கு நேராகவே சொல்வேன். அதனால் அழைப்புக் கடிதத்தோடு ஒரு கரண்டி மண்ணையும் வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். பயிற்சியாளர்கள் விரலில் தேய்த்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான். பார்த்தார்களோ என்னவோ, யாரும் வந்ததில்லை. இந்த முறை குன்வோர் பதற்றத்தில் ஒரு தவறு செய்தாள். எங்கள் ஊரில் யாரையும் அவர்கள் வைத்திருக்கும் குதிரையின் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுவோம். அந்தப் பழக்கத்தில், எட்டு உறைகளிலும் பயிற்சியாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் குதிரைகளின் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டாள்.

மெர்க்கூர் ஹோவின் பயிற்சியாளர் ஸ்டாவெகார்ட் மூன்று வருடமாக எங்களை மறுத்துவந்தவர். லாயத்து வேலையாள், போதில் என்ற பெயருள்ள நாற்பது வயதுப் பெண், உறையை நீட்டியபோது அவர் வாங்கவே இல்லை.

"ஹெம்செலேயா? அங்க குதிரைய விடக் கொசு பெருசா இருக்கும். தூக்கிப் போடு."

"உங்களுக்கு வரல. இவன் பேர் போட்டிருக்கு. அடுத்தவங்க கடுதாசிய நான் தூக்கிப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, போதில் அதைக் குதிரையின் முன்னாலேயே பிரித்தாள். மற்ற ஏழு லாயங்களிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. மெர்க்கூர் மண்ணை முகர்ந்தது, திரும்பி நின்றது.

ஸ்டாவெகார்ட் ஜூலை வரை தாக்குப்பிடித்தார். வடக்கே போகும் பாதையைத் தவிர வேறு எதிலும் குதிரை ஓட மறுத்ததும், வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு லாரியில் ஏற்றினார். ஆயிரத்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கும், வழக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு டீசல்தான் ஆனது. உள்ளே நின்ற குதிரை முன்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். எட்டு லாரிகளும் ஒவ்வோர் ஊரைக் கடந்தபோதும், வேலியோரம் மேய்ந்த குதிரைகள் அதே பக்கம் தலையைத் திருப்பின. அதைப் பார்த்தவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் காரை எடுத்துப் பின்னாலேயே வந்தார்கள். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் தடத்தில் பதினோராயிரத்து நானூறு பேர் நின்றார்கள். பதினொன்றரைக்குத் தொத்திறைச்சி தீர்ந்தது. எனக்கே கிடைக்கவில்லை.

மூன்று மணிக்குப் பெரிய பந்தயம். இரண்டு பக்கமும் நீண்ட தடுப்புக் கைகளை விரித்துக்கொண்டு, பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் கார் முன்னால் நகர, அதன் பின்னால் எட்டுக் குதிரைகளும் வேகம் பிடித்து வர வேண்டும். கார் நகர்ந்தது. குதிரைகள் நகரவில்லை. வர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டதால், எட்டும் மூக்கை மண்ணில் வைத்துக்கொண்டு நிம்மதியாக நின்றன. ஓட்டுநர்கள் கெஞ்சினார்கள், சீட்டி அடித்தார்கள். பத்து நிமிடத்தில் புறப்படாவிட்டால் பந்தயம் செல்லாது என்பது விதி. தலைநகரத்து அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

வேலி ஓரமாக நின்ற ஹில்டிங், "என் மண்ணே நமக்கு எமனாயிடுச்சே, குன்வோர்" என்றார்.

குன்வோருக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை தூரம் வரவழைத்தாயிற்று, எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. உறையைப் பிரித்தார்களே தவிர, ஒருவரும் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. அவள் அலுவலகத்துக்கு ஓடி நகலை எடுத்து வந்து, செருப்போடு தடத்தில் இறங்கி, மெர்க்கூரின் காதருகே நின்று வாசித்தாள். ஒன்பதாவது நிமிடம்.

"அன்புள்ள மெர்க்கூர் ஹோவ், ஜூலை கடைசிச் சனிக்கிழமை எங்கள் தடத்தில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது மீட்டர் ஓடிக் காட்டி எங்களைப் பெருமைப்படுத்த வேண்டுகிறோம்." பிறகு தாளில் இல்லாத ஒன்றை அவளாகவே சேர்த்தாள். "ஓடி முடிச்சிட்டு எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்க. காபி இருக்கு."

மெர்க்கூர் தலையைத் தூக்கியது. மற்ற ஏழும் தூக்கின. அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொன்னாலும் குறைவாகத்தான் இருக்கும். எட்டில் ஒன்றுகூடப் பாய்ச்சலுக்கு மாறவில்லை. கடைசி வளைவில் முப்பத்திரண்டு குளம்புகளும் ஒரே தாளத்தில் விழுந்தன. மெர்க்கூர் மூக்கு நுனியில் ஜெயித்தது. முப்பது வருடமாகத் தடத்தை மட்டுமே பார்த்து, பந்தயத்தைப் பார்க்காமலே இருந்த ஹில்டிங், அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார். தலைநகரத்து அதிகாரி படிவத்தில் குதிரைகள் எட்டு என்றும், விசேஷக் குறிப்பு எதுவுமில்லை என்றும் எழுதினார். மெர்க்கூர் மூன்று நாள் தங்கியது, காபியைத் தொடவில்லை.

பெரிய நாள் எங்களுக்கே இருக்கட்டும் என்று அக்டோபரில் கடிதம் வந்தது. அடுத்த மே மாதம், குன்வோர் அழைப்புகளை அனுப்புவதற்கு முன்பே, ஸ்கோனே முத்திரையோடு ஓர் உறை வந்தது. எழுத்து எதுவும் இல்லை. உள்ளே ஒரு கரண்டி மண், குளம்பின் வளைவு பதிந்த கட்டியாக. போன் போட்டுக் கேட்டபோது, தாங்கள் யாரும் அனுப்பவில்லை என்றார் ஸ்டாவெகார்ட். ஹில்டிங் அதை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"நம்மளுதுதான். நல்லாக் காஞ்சு கெடக்கு" என்று சொல்லிவிட்டு, தடத்துக்குத் தண்ணீர் விடப் போனார்.