இரைச்சல் இல்லை

அடக்கம் முடிந்து வந்த கையோடு, முகம்கூடக் கழுவாமல், மகள் சமையலறை மேடையில் இருந்த ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றினாள்.

“இப்போ அது எதுக்குடி? விட்டுத் தள்ளு,” என்றாள் அம்மா.

“சும்மா பாக்கறேம்மா.”

அம்மா பெருமூச்சு விட்டபடி அப்பாவின் அறைக்குப் போனாள்.

படுக்கையில் விழுந்த பிறகு அப்பாவின் குரல் தேய்ந்துபோயிருந்தது. அவர் தலையணையருகே ஒரு மைக், சமையலறையில் ஒரு ஸ்பீக்கர். மாலை வகுப்பில் படித்ததை வைத்து அவளே செய்தது. பேச்சு தெளிவாக விழவில்லை என்று, மூன்று நாள் முன்பு டிரான்சிஸ்டருக்கு மேலிருந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, மாறாத மின்னோட்டம் தரும் இன்னொரு டிரான்சிஸ்டரை அங்கே பளுவாக வைத்தாள். சத்தம் எங்கேயோ ஏறிவிட்டது.

“என் கொட்டாவியக்கூட உங்கம்மாகிட்ட போட்டுக் கொடுத்துடும் போலிருக்கே!” அப்பா சிரித்ததும் கேட்டது.

மேலிருந்து வரும் மின்னோட்டமும் கீழே போவதும் ஒன்றாக இருக்க வேண்டும். சூட்டில் துளி பிசகினாலும் வெளியீட்டு வோல்ட் பேட்டரியின் அளவுக்கே போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஸ்பீக்கரில் மூச்சே வராது. அதை நடுவில் பிடித்து நிறுத்த ஒரு ஃபீட்பேக் ரெசிஸ்டர் போடச் சொல்லியிருந்தார்கள் வகுப்பில். அவள் அப்போதைக்குக் கையாலேயே திருகிச் சரிசெய்துவிட்டு, ‘ஞாயிறு போடலாம்’ என்று நோட்டில் குறித்துவைத்தாள்.

பேட்டரி ஒன்பது வோல்ட். வெளியீட்டில் வைத்த மீட்டர் 8.8 காட்டியது. ஜன்னல் வெயில் பெட்டியின் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. நேற்றுக் காலையும் விழுந்திருக்கும்.

நோட்டைப் புரட்டினாள். நேற்றைய பக்கம்: ‘காலை 7.10. இரைச்சல் அறவே இல்லை. நன்று.’

நேற்று எட்டு மணிக்கு வெந்நீர் கொண்டுபோனபோது அப்பா போயிருந்தார். மைக் தலையணையருகே இல்லை. அவர் கைக்குள் இருந்தது.

“தூக்கத்துலயே போயிட்டார், கொடுத்து வச்சவர்,” என்று வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொன்னாள். “பொண்ணு செஞ்சதாச்சே, கையிலயே வச்சிருந்தார் பாருங்க.”

ஏழு பத்திலிருந்து எட்டு வரை, ஐம்பது நிமிடம்.

சால்டரிங் அயர்ன் சூடேறியது. போடாமல் விட்ட ஃபீட்பேக் ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைத்தாள். மீட்டர் நடுவில், நாலரைக்கு இறங்கி நின்றது. ஸ்பீக்கரில் இரைச்சல் திரும்பி வந்தது. அந்த இரைச்சலுக்குள் அப்பாவின் கட்டில் முனகியது.

“கேக்குதா?” அம்மாவின் குரல், காதருகே சொன்னதுபோல. “கண்ணு, இதுல பேசினா கேக்குதா?”

“கேக்குதும்மா,” என்றாள் ஸ்பீக்கரைப் பார்த்து. இந்தப் பக்கம் மைக் கிடையாது.

மறுபடியும் வந்தது. “கேக்குதா?”