மேற்கு அபாயத்துக்கு இலவசப் பேருந்து

மீலூத் மச்சானுக்கு உலகத்தில் ஒரே திசைதான், மேற்கு. உருளைக்கிழங்கு விலை ஏறினால் மேற்கு. கடற்கரையில் ஜெல்லி மீன் ஒதுங்கினால் மேற்கு. அல்ஜீரிய எல்லையில் இருக்கும் எங்கள் மக்னிய்யா ஊரில் ஒரு வாரம் குழாயில் தண்ணீர் வராமல் பெண்கள் நகராட்சி வாசலில் கூடியபோது, "இதன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும்" என்று முழங்கினார். பின்னால் இருந்தது ஒரு துருப்பிடித்த குழாய். அதை மாற்றப் போட்ட குழுவுக்குத் தலைவர் மச்சானே.

மேற்கே இருப்பது மொரோக்கோ. எல்லை மூடி முப்பது வருஷம் இருக்கும். அல்ஜீரிய நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. கட்சியின் வேட்பாளர் பட்டியலில் முதல் இடம் மச்சானுக்கா, பல் டாக்டர் தூஃபிக்குக்கா என்று இழுபறி. டாக்டர், மொரோக்கோவில் பிறந்த யாருக்கும் பல் பிடுங்க மாட்டேன் என்று சபதம் செய்து கைதட்டல் வாங்கிவிட்டார். மச்சானுக்குத் தூக்கம் போயிற்று.

அந்தச் சபதத்துக்குப் பதிலடியாக அவர் முதலில் தடை போட்டது தன் தாய்க்கு.

எல்லையில் பின் லஜ்ராஃப் என்ற இடத்தில் இரண்டு நாட்டுக்கும் நடுவே ஓடுவது ஓர் ஓடை. ஆள் முகம் தெரியும், கை எட்டாது. வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பிட்ட கையோடு இரண்டு கரையிலும் குடும்பங்கள் வந்து நின்று கையாட்டும், கத்திப் பேசும், புதுக் குழந்தையைத் தூக்கிக் காட்டும். மச்சானின் தாயான என் மாமியார் ஃபாத்னாவின் அக்கா யமீனா அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அக்காவும் தங்கையும் ஒரு வெள்ளியும் தவறவிட்டதில்லை.

"வேட்பாளரோட அம்மா எதிரிக்குக் கையாட்டுறாங்கன்னு எவனாவது படம் பிடிச்சுப் போட்டா என் கதி என்னம்மா? தேர்தல் முடியுற வரைக்கும் அங்க போக வேணாம்."

"எதிரியா? நீ பொறந்தப்ப எனக்குப் பால் இல்லடா. குடுத்தது அந்த எதிரிதான்."

"மெதுவா பேசும்மா. ஜன்னல் திறந்திருக்கு."

"அக்காவுக்குக் கண்ணு மங்கிட்டே வருது மீலூத். பனிக்காலம் வந்தா நான் நிக்கிறது அவளுக்குத் தெரியுமோ என்னவோ. உன் தேர்தலு அதுக்குள்ள முடியுமா?"

மச்சான் தட்டைப் பார்த்துக் கூஸ்கூஸை உருட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவருக்கு ஞானோதயம். எல்லையிலேயே 'மேற்கு அபாயம்' என்று ஒரு கூட்டம். எதிரியின் முகத்துக்கு நேராக விரல் நீட்டிப் பேச்சு. தொலைக்காட்சி நேரலை. கட்சிச் செலவில் இலவசப் பேருந்து. "என்னைக்கு வைக்கலாம் மாப்ள?" என்று என்னைக் கேட்டார். பேச்சு எழுதிக் கொடுப்பவன் நான். வெள்ளிக்கிழமை என்றேன். எனக்கும் அங்கே ஒரு சித்தப்பா இருக்கிறார்.

மக்னிய்யாவில் அப்படி ஒரு கட்சிக் கூட்டத்தைக் கட்சியே கண்டதில்லை. காலையிலேயே பேருந்துகள் நிரம்பிவிட்டன. கைக்குழந்தையோடு வந்தவர்கள், கல்யாணப் புகைப்படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்து வந்தவர்கள். "மக்களுக்கு என்ன ஒரு நாட்டுப்பற்று" என்று மச்சான் கண் கலங்கினார். கடைசி இருக்கையில் முக்காட்டை இழுத்து மூடி உட்கார்ந்திருந்த தன் அம்மாவை அவர் கவனிக்கவில்லை.

மச்சான் மேடை ஏறி, "என் மக்களே" என்றார். கூட்டம் மொத்தமும் அவருக்கு முதுகைக் காட்டி ஓடைப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கியது. அக்கரையிலும் கைகள் எழுந்தன. முதுகுகளைப் பார்த்தே முழுப் பேச்சையும் முடித்தார்.

தொலைக்காட்சியில் அது வேறு மாதிரி வந்தது. எதிரியை நோக்கிக் கையுயர்த்தி நிற்கும் மக்கள் வெள்ளம், பின்னணியில் மச்சானின் கர்ஜனை. தலைநகரிலிருந்து கட்சித் தலைவரே கூப்பிட்டார். "வாரா வாரம் நடத்துங்க. பேருந்துக் காசு நாங்க பாத்துக்கறோம்."

மாமியார் பேருந்தில் பகிரங்கமாகவே ஏறத் தொடங்கினார். முன் இருக்கை. "அந்த அபாயம் நல்லா இருக்கட்டும்டா" என்று மகனை வாழ்த்தினார். மச்சான் எதைத் தடுப்பார்? கூட்டம் அவருடையது.

மேற்கு சும்மா இருக்குமா? பனிக்காலம் தொடங்கியபோது அக்கரையில் அவர்கள் நாட்டு அரசியல்வாதி ஒருவர் வந்து இறங்கினார். அவருக்கும் இலவசப் பேருந்துகள். ஒலிபெருக்கி எங்களுடையதைவிடப் பெரியது. "கிழக்கு அபாயம்" என்று அவர் கத்த, "மேற்கு அபாயம்" என்று இவர் கத்த, ஓடையில் இருந்த கொக்கு எழுந்து போய்விட்டது.

யமீனா பெரியம்மாவை அவர் பேரன் கைபிடித்துக் கூட்டி வந்து நிறுத்தியிருந்தான். பெரியம்மா இந்தப் பக்கம் பார்த்தார், ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. மாமியார் கையாட்டினார். சிவப்பு முக்காட்டைக் கழற்றி ஆட்டினார். பெரியம்மா வேறு எங்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார். மாமியார் கூப்பிட்ட குரலும் போய்ச் சேரவில்லை. நடுவில் இரண்டு தேசங்களின் பாதுகாப்பு முழங்கிக்கொண்டிருந்தது.

மாமியார் மேடை ஏறினார்.

"மைக்கைக் குடு."

"அம்மா, நேரலை போயிட்டிருக்கு."

"குடுடா. அவளுக்கு இனிமே காது மட்டுந்தான் இருக்கு. அதையும் நீ அடைக்கிற."

மச்சான் மைக்கை இறுகப் பிடித்தார். கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுதிக் கொடுத்த பேச்சில் இதற்கு வரி இல்லை. தாயோடு மல்லுக்கட்டும் வேட்பாளருக்கு எவன் ஓட்டுப் போடுவான்? விட்டுவிட்டார்.

"யமீனாக்கா, நான்தான். இடது பக்கம் திரும்பு. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான் நிக்கிறேன்."

பெரியம்மாவின் முகம் திரும்பி எங்கள் மேல் நின்றது. அக்கரை அரசியல்வாதி வாயைத் திறந்தபடி நின்றார். அவர் கூட்டத்திலிருந்தே யாரோ அவர் மைக்கைப் பிடுங்கிப் பெரியம்மா கையில் கொடுத்தார்கள்.

"குளிருதுடி, முக்காட்டைப் போடு" என்றது மேற்கு. "கத்திக்கிட்டிருந்தானே, அது நம்ம மீலூத்தா? தொண்டை கட்டிருக்கு. தேன் குடு அவனுக்கு."

தொலைக்காட்சிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். நேரலையிலேயே மாமியாரின் குரலை எடுத்துவிட்டு ராணுவ இசை சேர்த்தார்கள். நீட்டிய கையும் நனைந்த கண்ணும் மட்டும் இருந்தன. கீழே எழுத்து ஓடியது: "எதிரியை எச்சரிக்கும் வீரத் தாய்."

பட்டியலில் முதல் இடம் மச்சானுக்குத்தான். பல் டாக்டர் தன் அம்மாவையும் எல்லைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினாராம். அந்தம்மாவுக்கு அக்கரையில் யாரும் இல்லை. ஒருவரும் கையாட்டவில்லை, படமும் எடுபடவில்லை. இப்போது மொரோக்கோவில் ஒரு பெரியம்மா கிடைப்பாரா என்று ரகசியமாக விசாரிக்கிறார் என்று கேள்வி.