போன் மேல் போட்ட பழி

“இது கண்ணா, தக்காளிப் பழமா? இந்தப் போனைத் தூக்கி சாக்கடை மோரியில வீசுறேனா இல்லையா பார்!”

“வீசுங்க மம்மி! அப்புறம் நீங்களே புதுசு வாங்கித் தாங்க!”

மேல்வீட்டு ஜோசஃபின் குரல் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். கீழ்வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சந்திரம்மா குழாயை மூடினாள். தண்ணீர்ச் சத்தத்தில் நல்ல பேச்சு ஏதாவது தப்பிவிட்டால்?

ஜோசஃபினின் மகள் ஆஞ்சலாவுக்கு இந்தச் சண்டை வசதியாகத்தான் இருந்தது. சந்திரம்மாவின் அக்கா மகன் ரவி, “வீட்டுல பொண்ணு பார்த்துட்டாங்க, இனிமே கூப்பிடாதே” என்று சொன்ன நாளிலிருந்து குளியலறையில் அழுகிறாள். மேல்வீட்டுக்கும் தெரியாது, கீழ்வீட்டுக்கும் தெரியாது. கண் ஏன் சிவந்தது என்று கேட்டால், “போன்ல கதை படிச்சேன்” என்பாள். அந்த ஒரு பொய் தெரு முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்: திரையை மஞ்சளாக்கு, வெளிச்சத்தைக் குறை, கறுப்பில் வெள்ளை எழுத்து வை, பன்னீர் விடு.

அப்பா சிரில், பாவம், சொன்னதை நம்புகிற மனுஷன். கடை கடையாக விசாரித்து, காகிதம் போலவே திரை உள்ள படிக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்தார்.

“உள்ளே லைட்டே கிடையாதும்மா. ஜன்னல் வெளிச்சம் போதும். கண்ணு கூசவே கூசாது. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா போன் என்கிட்ட, சரியா?”

மறுக்க அவளுக்கு வழியில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு வாரமாகியும் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை. கண் மட்டும் இன்னும் பழுத்தது.

ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது சிரில் அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

“இதுலதான் லைட்டே இல்லையேம்மா. அப்புறம் ஏன்?”

ஆஞ்சலா குனிந்து செருப்பைத் தேடினாள். புதுப் பொய் ஒன்றும் கைவசம் இல்லை.

ஜோசஃபின் மகளின் முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் கிட்டே வந்து, “யாருடி அவன்?” என்றாள், வாழ்நாளில் முதல்முறையாக, கீழ்வீட்டுக்குக் கேட்காத குரலில்.

ஆவணியில் ரவிக்கு ஹெப்பகோடியில் கல்யாணம். சந்திரம்மா போய் வந்து, பாயசம் சுமார்தான் என்று மேல்வீட்டிலேயே சொல்லிவிட்டுப் போனாள். மாதா திருவிழா முடிந்ததும் ஆஞ்சலா புனேவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கருவியை ஜன்னலோரமே விட்டுவிட்டாள்.

இப்போது அதைச் சிரில் மடியில் வைத்திருக்கிறார். இன்னும் மூன்றாம் பக்கம்தான். கண் சிவந்திருக்கிறதே என்று யாராவது கேட்டால், வயசாச்சு என்கிறார்.