காலியாக விட்ட இடம்

பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் மிளகாய் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை என்று புதிதாக வந்த மேலாளருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று.

ரத்தம் பரிசோதிக்கும் பெரிய மிஷினுக்கு இருப்பது ஒரே கை. எத்தனை பரிசோதனை சேர்ந்தாற்போல் ஓடினாலும், அந்தக் கை எந்தக் குழாயை எப்போது தொடவேண்டும் என்று மிஷின் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடும். போட்ட கணக்கில் நடுவே எதையும் நுழைக்க முடியாது. அதனால் அவசரத்துக்கென்று அங்கங்கே இடம் காலியாக விடுவது அக்காவின் வழக்கம். மேலாளருக்கு அது கண்ணை உறுத்தியது.

"சும்மா கிடக்கிற இடத்துக்கு யார் பதில் சொல்றது?" என்று, ஒருநாள் ஒரு கம்பெனி ஆட்களின் வருடாந்தரப் பரிசோதனை ரத்தத்தையெல்லாம் அதில் திணித்துவிட்டுப் போனார். அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கென்று பார்த்து, பிறந்த குழந்தை ஒன்றின் ரத்தம் வந்தது. பின்னாலேயே நர்ஸின் போன்.

"அக்கா, குழந்தை உடம்பெல்லாம் மஞ்சளா இருக்கு. ரத்தம் மாத்தணுமா வேண்டாமான்னு டாக்டர் உங்க ரிசல்ட்டுக்குத்தான் காத்திட்டிருக்கார்."

மதியத்துக்கு மேல்தான் முறை வரும் என்றது மிஷின். கண்ணாடிக்கு வெளியே குழந்தையின் அப்பா, செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருப்பதுகூடத் தெரியாமல் நின்றான். அக்காவுக்கு ஆத்திரம் பொங்கியது. கொழுப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வந்தவர்களுக்குப் பின்னால் ஒரு பச்சைக் குழந்தை வரிசையில் நிற்பதாவது! மிஷினை நிறுத்தி, குழந்தையின் குழாயை முதலில் வைத்தாள்.

பாதி ஓடியதெல்லாம் பாழ். மேலாளர் பறந்து வந்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? எல்லாத்தையும் முதல்லேருந்து ஓட்டணும். கம்பெனிக்கு நான் என்ன சொல்றது?"

"கம்பெனிக்கு நானே சொல்லிக்கிறேன் சார். நீங்க போய் அந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க, உன் பிள்ளையைவிட இது அவசரம்னு."

மேலாளர் கண்ணாடிப் பக்கம் பார்த்தார். வந்த வழியே போனார்.

மஞ்சள் எல்லை தாண்டியிருந்தது. உடனே ரத்தம் மாற்றினார்கள், குழந்தை பிழைத்துக்கொண்டது.

மறுநாள் காலை பார்த்தால், காலியாக விட்ட இடத்தில் யாரோ ஒரு குழாயைச் சேர்த்திருந்தார்கள். பெயரைப் பார்த்தாள். மேலாளருடையது, சும்மா வழக்கத்துக்குப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை. இந்த மனுஷனுக்குச் சூடு சொரணையே கிடையாதா என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மிஷினை ஓடவிடுமுன் அந்தக் குழாயை உருவிக் கடைசியில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"என் ரிசல்ட் என்னாச்சு?"

"மதியத்துக்கு மேலதான் சார் வரும்," என்றாள் அக்கா. "உங்களுக்கு முன்னால ஆளுங்க இருக்காங்க."